சேதி சொல்லப் போகிறவர்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது துணியைப் பற்றிக் கேட்பார்கள். ஆங்கிலத்தில் நாலு வரி எழுதச் சொல்வார்கள், எக்செல் தெரியுமா என்று பார்ப்பார்கள். ஆகாத காரியத்தை ஆகாது என்று சொல்ல வருமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கொடுக்கிற சம்பளத்தில் பாதி அதற்குத்தான் என்பது சேர்ந்த பிறகுதான் தெரியும்.

ஒரு டீ-சர்ட் முழுக்க ஒரே கூரைக்கு அடியில் உருவாகிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நூல் ஒரு மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஒருவரிடம், சாயம் இன்னொருவரிடம், காம்பாக்டிங் வேறொரு இடத்தில், பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் ஊரின் வேறு மூலைகளில். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் மட்டும்தான் கம்பெனிக்குள் நடக்கும். இத்தனை பேரும் ஒரு தேதிக்குள் முடித்தால்தான் சரக்கு தூத்துக்குடிக்குப் போய், கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, ஹாம்பர்க்கில் இறங்கும். நடுவில் உட்கார்ந்து எல்லோருக்கும் போன் போட்டுக்கொண்டிருப்பவர் மெர்ச்சண்டைசர்.

போனில் உண்மை வராது. "துணி காஞ்சிட்டிருக்குதுங்க" என்று சாயப்பட்டறையில் சொன்னால் துணி இன்னும் மெஷினிலேயே ஏறவில்லை என்று பொருள். "வண்டி கிளம்பிடுச்சுங்க" என்றால் டிரைவர் சாப்பிடப் போயிருக்கிறார். புரொடக்‌ஷன் மேனேஜர் பதினெட்டாம் தேதி முடிப்பதாக மனதில் வைத்துக்கொண்டு என்னிடம் பதினைந்து என்பார். அது எனக்குத் தெரியும், பையரிடம் நான் இருபது என்பேன். பையருக்கும் திருப்பூர் புதிதல்ல. இருபத்தைந்துக்குத் தேவைப்படுவதைப் பத்தாம் தேதியே கேட்டிருப்பார். எல்லோரும் அடுத்தவருடைய பொய்யைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடும் ஏற்பாடு அது. நாலைந்து நாள் தாமதத்தை அது தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போனால் தாங்காது.

எங்கள் சீனியர் மெர்ச்சண்டைசரை எம்.டி. தவிர எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். பதினெட்டு வயதில் செக்கிங் டேபிளில் சேர்ந்தவர். தபால் வழியில் பி.காம். முடித்து, பேக்கிங் லிஸ்ட் எழுதப் போய், அங்கிருந்து மேலே வந்தவர். ஆங்கிலத்தில் இலக்கணம் முன்பின்னாக இருக்கும். ஆனால் அவர் அனுப்பிய மெயிலுக்கு 'நீங்கள் சொல்வது புரியவில்லை' என்று பதில் வந்து நான் பார்த்ததில்லை.

சண்டையை அவர் கையாண்ட விதம் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. கட்டிங் மாஸ்டரும் சாயப்பட்டறை மேனேஜரும் ஷேடு ஒத்துப்போகவில்லை என்று ஒருவரை ஒருவர் குடும்பத்தோடு இழுக்கும் அளவுக்குப் போவார்கள். அக்கா அந்த வாக்குவாதத்துக்குள் காலே வைக்க மாட்டார். இரண்டு துண்டுத் துணியை எடுத்துக்கொண்டு லைட் பாக்ஸ் இருக்கும் அறைக்கு நடப்பார். அவர்கள் பின்னாலேயே வந்தாக வேண்டும். டி65 விளக்கு பகல் வெளிச்சத்துக்கானது. டி.எல்.84 ஐரோப்பியக் கடைகளின் விளக்கு. ஒரு விளக்கில் ஒத்துப்போகும் நிறம் இன்னொன்றில் பிரிந்து நிற்பதுண்டு. இரண்டு பேரும் சரியாகவே சொல்லியிருப்பார்கள், வேறு வேறு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு. அந்த அறையில் இருட்டு, பேசவும் இடம் கிடையாது. ஆளை விட்டுவிட்டுத் துணியைப் பார்க்க ஆரம்பித்தால் குரல் தானாக இறங்கிவிடும்.

2011 ஜனவரி 28 வெள்ளிக்கிழமை. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பது நிற்கவில்லை என்பதால் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள், அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் சேர்த்து. உத்தரவு வந்ததும் ஊரே திகைத்துப்போனதாக இப்போது சொல்கிறார்கள். திகைக்க நியாயமில்லை. கீழே இருக்கும் விவசாயிகள் 1990களிலிருந்தே வழக்காடிக்கொண்டிருந்தார்கள். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகி, அதைத் திறந்துவிட வேண்டாம் என்று பாசனக்காரர்களே கேட்கும் நிலை வந்திருந்தது. வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் உப்பு கரைந்திருக்கக் கூடாது என்பது விதி. சாயத்தைத் துணியில் ஏற்றக் கொட்டுகிற உப்பைப் பார்த்தவர்களுக்கு அந்த எண் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று தெரியும். 2009-இல் உச்ச நீதிமன்றமும் கெடு வைத்தது. இவ்வளவு காலம், இவ்வளவு முறைப்படி சொல்லப்பட்ட கெட்ட சேதி வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவகாசம் கிடைத்துவிட்டதால் நாங்கள் அதைச் சேதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலையும் அதே பேச்சுத்தான். "திங்கக்கிழமை ஸ்டே வாங்கிருவாங்க" என்றார் எம்.டி. அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கம்பெனியை ஆரம்பித்தவர் அவருடைய அப்பா. "அதுவரைக்கும் பையருக்கு யாரும் ஒண்ணும் எழுத வேண்டாம். நாமளா போய்ப் பயமுறுத்தின மாதிரி ஆகிடும்."

அக்கா மறுத்துப் பேசவில்லை. ஆர்டர் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்து வந்து மேஜையில் விரித்தார். துணி கட்டிங்குக்கு வந்துவிட்ட ஸ்டைல்களுக்குப் பச்சை மார்க்கர். மெலாஞ்ச் ஸ்டைல்களுக்கு மஞ்சள். அதில் நிறம் பஞ்சிலேயே ஏறியிருப்பதால் துணிக்குச் சாயம் தேவையில்லை. வீரபாண்டியில் சாயத்துக்குப் போய் மாட்டிக்கொண்ட நேவியும் சிவப்பும் அடங்கிய குழந்தைகள் ஆர்டருக்குச் சிவப்பு மார்க்கர்.

"சார், ஜெர்மனிக்காரங்களுக்கு நம்ம ஊர்லயே லயசன் ஆபீஸ் இருக்குது. அவங்க இந்நேரம் மெயில் போட்டிருப்பாங்க. திங்கக்கிழமை நாம சொல்லும்போது இது சேதியா இருக்காது, சாக்கா இருக்கும்."

எம்.டி. பதில் சொல்லவில்லை. அக்கா தொடர்ந்தார். "சொல்லலாமா வேண்டாமான்னு நான் கேக்கலைங்க சார். இந்தச் சிவப்புல இருக்கறதை லூதியானாவுக்கு அனுப்பினா லாரி வாடகை யார் தலையில? அதை மட்டும் நீங்க முடிவு பண்ணிக் குடுங்க. அவங்க கேக்கப் போற ரெண்டாவது கேள்வி அதுதான்."

நான் வேலை செய்த இத்தனை வருடத்தில் அதைவிடப் பயனுள்ள ஒரு பேச்சைக் கேட்டதில்லை. சேதியைச் சொல்வதற்குள் எல்லோரும் முதல் கேள்வியை நினைத்தே நடுங்குகிறோம். கேட்பவர் அதிர்ச்சியில் இருப்பது ஒரு நிமிடம்தான். பிறகு அவருக்கு வேண்டியது அடுத்து என்ன என்பது. அதற்குப் பதில் சொல்ல அதிகாரமில்லாத ஆள் போய்ச் சொன்னால் அந்தச் சேதி பாதிதான் போய்ச் சேரும். எம்.டி. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, லாரி வாடகை நம்முடையது, விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் செலவில் பாதி கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

மணி ஏழரை. ஜெர்மனியில் மாலை மூன்று. வெள்ளிக்கிழமை என்பதால் இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். எங்கள் ஆபீஸில் இப்படிப்பட்ட நேரத்துக்கென்று ஒரு வார்ப்பு மெயில் இருந்தது. 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று தொடங்கி 'உங்கள் மேலான ஒத்துழைப்பை' என்று முடியும். அதைத் திறந்த என்னை அக்கா தடுத்தார். "மூடு தம்பி. என்ன காரணம்னு அவங்க திரும்பக் கேப்பாங்க, அதுக்கே திங்கக்கிழமை ஆயிரும். முதல்ல போன், அப்புறம் எழுத்து."

ஸ்பீக்கரில் போட்டார். நலம் விசாரிப்பு ஒரு வரியோடு முடிந்தது. "கெட்ட செய்தி ஒன்று சொல்ல வேண்டும், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் உடைந்த ஆங்கிலத்தில். நீதிமன்றம் ஊரின் சாயப்பட்டறைகளை மூடிவிட்டது. உங்கள் ஆர்டரில் இவை பத்திரம், இவற்றை முன்னால் அனுப்பலாம், இந்தக் குழந்தைகள் ஸ்டைல் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வடக்கே சாயம் போட்டால் லாரி செலவு எங்களுடையது. ஆனால் நிறத்துக்கு மறுபடி லேப் டிப் மாதிரி எடுத்து நீங்கள் ஒப்புதல் தர வேண்டும். தண்ணீர் மாறினால் ஷேடு மாறும்.

மறுமுனையில் இருந்த அம்மையார் நன்றாகவே கோபப்பட்டார். ஏப்ரலில் கடைக்கு வர வேண்டிய சரக்கு, விளம்பரம் அச்சாகிவிட்டது என்றார். அக்கா குறுக்கிடவில்லை. மன்னிப்பு ஒரு தடவை கேட்டார், இரண்டாவது தடவை கேட்கவில்லை. கோர்ட்டைத் திட்டவில்லை, விவசாயிகளைத் திட்டவில்லை. பத்து பேர் மன்னிப்பை அடுக்கிக்கொண்டே போய்க் கேட்பவரை ஆறுதல் சொல்ல வைத்துவிடுவதைப் பிற்பாடு பார்த்திருக்கிறேன்; அதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. எப்போது நிலவரம் தெரியும் என்று அந்த அம்மையார் கேட்டார். "புதன்கிழமை உங்கள் நேரம் காலை ஒன்பதுக்குக் கூப்பிடுகிறேன். நல்ல செய்தி இல்லாவிட்டாலும் கூப்பிடுவேன்."

புதன்கிழமை பகல் ஒன்றரைக்கு அக்கா கூப்பிட்டபோது புதிதாகச் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. ஸ்டே வரவில்லை, லூதியானாவில் இடம் கிடைக்கவில்லை. அதை அப்படியே சொன்னார். அடுத்த அழைப்புக்கு நாள் குறித்துவிட்டு வைத்தார்.

இவ்வளவும் மேலே போன சேதியின் கதை. அதே சேதி கீழே போன விதத்தைச் சொல்லாவிட்டால் நான் எழுதுவது பாதிதான்.

உத்தரவு வந்த மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். பனியன் கம்பெனியில் வாரக் கூலி. கணக்கு ஷிப்டில் நடக்கும். காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். பவர் டேபிள் காண்ட்ராக்டில் தைப்பவர்களுக்குப் பீஸ் ரேட். துணி வராவிட்டால் பீஸ் இல்லை, பீஸ் இல்லாவிட்டால் காசு இல்லை. தேனி, மதுரைப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து லைன் வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஒரு வாரக் கூலி நின்றால் அரிசிக்கடையில் சொல்ல வேண்டியிருக்கும். இவர்களுக்குச் சேதி சொல்ல முந்தின இரவு நாங்கள் ஒருவரும் மார்க்கர் எடுக்கவில்லை. டைம் ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு, 'திங்கள் முதல் மறு அறிவிப்பு வரை வேலை இல்லை' என்று போர்டில் எழுதச் சொல்லியிருந்தார் புரொடக்‌ஷன் மேனேஜர்.

என் சின்ன வயதில் எங்கள் கிராமத்தில் சாவுச் சேதி சொல்ல ஆள் அனுப்புவார்கள். அனுப்பப்படுகிறவர் எப்போதும் ஊர் கீழே வைத்திருந்த சாதிக்காரராகத்தான் இருப்பார். வாசலுக்கு வெளியே நின்று சொல்லுவார், கொடுப்பதை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பார். எப்படி நடந்தது, எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வர மாட்டார்கள். போர்டுக்கு முன்னால் சாக்பீஸோடு நின்ற அந்தப் பையனைப் பார்த்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. நாலாவது எழுத்தை எழுதுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. போன வாரக் கூலி வருமா, தீபாவளி அட்வான்ஸ் பாக்கியைப் பிடிப்பார்களா, ஊருக்குப் போய்விடலாமா. பையன் எல்லாவற்றுக்கும் "மேனேஜரைக் கேளுங்க" என்றான். மேனேஜர் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒரு டைலர் சாக்பீஸ் டப்பாவைத் தட்டிவிட்டார். அதற்குள் பையன் அழுதுவிட்டான்.

அக்கா இறங்கி வரவில்லை. நேரே எம்.டி.யின் அப்பாவான பெரிய முதலாளியின் அறைக்குப் போனார். எழுபதைத் தாண்டிய அவர் காலையில் வந்து பேப்பர் படித்துவிட்டுப் போவதோடு சரி. என்ன பேசினார்கள் என்று தெரியாது. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கி, செக்கிங் ஹாலில் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"எல்லாரும் வாங்க சாமி. போன வாரக் கூலி இன்னைக்கு முழுசா வரும். ஒரு பைசா குறையாது. உள்ள இருக்கற துணிக்கு இன்னும் எட்டு நாளைக்கு வேலை இருக்குது. அதை ஒருத்தருக்கே குடுக்காம எல்லாருக்கும் பாதி ஷிப்டாப் பிரிச்சுக் குடுக்கச் சொல்லியிருக்கறேன். அதுக்கப்புறம் என்னன்னு எனக்குத் தெரியாது."

கைமடிக்கும் ஒரு பெண் கேட்டார்: "அட்வான்ஸ் புடிப்பீங்களாங்க மொதலாளி?"

"இப்பப் புடிக்க மாட்டேன் அம்மணி. வேலை ஓட ஆரம்பிச்சாப் புடிப்பேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த நேரத்தில் பிடிக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று தோன்றியது. ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகுதான் ஹாலில் சலசலப்பு அடங்கியது. ஆகாததை மறைக்காமல் சொன்னவர் எட்டு நாள் வேலை என்றால் எட்டு நாள் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள் போல. ஊருக்குப் போகிறவர்கள் போன் நம்பரைக் காண்ட்ராக்டரிடம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். துணி வந்ததும் கூப்பிடுவோம் என்றார். எப்போது என்று சொல்லவில்லை. கடைசியாக, சாக்பீஸ் டப்பாவைத் தட்டிவிட்டவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்தப் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

சாயப்பட்டறைக்காரர் வந்தது அடுத்த வாரம். எங்கள் துணி அவருடைய மெஷினில் நனைந்தபடி கிடந்து புழுங்கிவிட்டது. கரண்டையும் துண்டித்துவிட்டார்கள். நஷ்டத்தைக் கேட்டு புரொடக்‌ஷன் மேனேஜர் கடிதம் அனுப்பியிருந்தார். அதைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு வந்து ஆபீஸ் நடுவில் நின்று கத்தினார். "கிலோவுக்கு ரெண்டு ரூவா சேத்திக் கேட்டா அடுத்த பட்டறைக்குப் போயிருவீங்க. தண்ணியச் சுத்தம் பண்றதுக்கு யாருங்க காசு குடுத்தது? பேரு நாசமாப் போனது எங்களுது, டாலர் வாங்கறது நீங்க!"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. இன்றுவரை திருப்பூர்க் கதையை எழுதுகிறவர்கள் சாயப்பட்டறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த விலைக்குச் சாயம் கேட்டது யார் என்று எங்கள் பக்கம் திரும்புவதில்லை. எங்களுக்கு அப்பால் இருக்கும் பையர் பக்கம் அறவே திரும்புவதில்லை.

அக்கா அவரை உட்காரச் சொல்லவில்லை. கோபமாக நிற்பவரை உட்காரச் சொன்னால் அடங்கச் சொன்ன மாதிரி ஆகும் என்பார். தானும் எழுந்து நின்று கேட்டார். அவர் மூச்சு வாங்கியபோது, "நீங்க சொல்றது நெசந்தானுங்க அண்ணா. ரேட்டு விசயம் பெருசு, அதை எம்.டி. கிட்ட நீங்களே பேசணும், நான் நேரம் வாங்கித் தர்றேன். இந்தத் துணி விசயம் சின்னது, இதை இப்ப நாம ரெண்டு பேரும் முடிச்சுக்கலாம்" என்றார். இரண்டையும் பிரித்த பிறகு அவருக்கும் பேசச் சுலபமாகிவிட்டது. புழுங்கிய துணியை இருட்டு ஷேடுக்கு மாற்றிக்கொள்வது, நஷ்டம் ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொண்டார்கள். ரேட்டுப் பேச்சு நடந்தது, ஒன்றும் நகரவில்லை. அது அக்காவின் கையில் இல்லை.

குழந்தைகள் ஆர்டரை ஜெர்மனிக்காரர்கள் பாதி ரத்து செய்தார்கள். மீதி லூதியானா போய், 2,500 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் திரும்பி வந்து, விமானத்தில் போனது. அந்த வருடம் லாபம் என்று எதுவும் இல்லை. பஞ்சு விலை வேறு கண்டிக்கு 60,000 ரூபாயைத் தொட்டிருந்தது. மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்த பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறையில் பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்த நாட்களில் பையர்களிடம் மூச்சு விடாமல் இருந்துவிட்டுப் பிப்ரவரி கடைசியில் உண்மையைச் சொன்ன கம்பெனிகளும் உண்டு. எங்களைவிட அவர்கள் அதிகமாக இழந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. சிலருக்கு அதிர்ஷ்டம் இருந்தது.

பெரியவர் இப்போது இல்லை. அக்கா ஓய்வு பெற்றுப் பெருந்துறைப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். 2020 மார்ச்சில் சேதி எதிர்த்திசையில் வந்தது. எல்லா ஆர்டரையும் நிறுத்திவைக்கச் சொல்லி ஒரு பெரிய பிராண்ட் அனுப்பிய இரண்டு வரி மெயிலில் யார் பெயரும் இல்லை, பதில் போட முகவரியும் இல்லை. சாக்பீஸ் பையனிடமாவது மேனேஜர் எங்கே என்று கேட்க முடிந்தது.

மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவித்தபோது எங்கள் விடுதியில் பீகார், ஒடிசாப் பையன்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வாட்ஸ்அப்பில் இந்தியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடலாம் என்று சூப்பர்வைசர் சொன்னார். எம்.டி. காரை எடுக்கச் சொன்னார். விடுதி முற்றத்தில் நின்று, சூப்பர்வைசர் மொழிபெயர்க்க, சாப்பாடு கம்பெனி பொறுப்பு, இந்த மாதம் பாதிக் கூலி என்றார். ரயில் எப்போது என்று கேட்டார்கள். தெரியாது என்றார். தெரிகிறவரை தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சொல்வதாக வாய்விட்டுவிட்டார்.

சிறப்பு ரயில்கள் மே மாதத்தில்தான் ஓடத் தொடங்கின. அதுவரை, போலீஸ் பாஸ் வாங்கிக்கொண்டு, மனிதர் போய்க்கொண்டுதான் இருந்தார். முதலில் எல்லோரும் முற்றத்துக்கு இறங்கி வந்து கேட்டார்கள். பிறகு பாதிப் பேர் வந்தார்கள். ஏப்ரல் நடுவில் கார் சத்தம் கேட்டதுமே, சீட்டாட்டத்திலிருந்து தலையைத் தூக்காமல், "மாலூம் ஹை, சார்" — தெரியும் சார் — என்று மாடியிலிருந்து குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.